புரட்டிப் போட்ட வேஃபர்

ஜோஷுவாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை மத்தியானமே லீவு போட்டுவிட்டுக் கிளம்பியவன், பொன்செல்வியின் மேசையில் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் ஒரு வேலையையும் வைத்துவிட்டுப் போனான்.

"பெருசா ஒண்ணும் இல்ல செல்வி. ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சாச்சு. மொத வேஃபர்ல ஓட்டிப் பாத்தேன், தொண்ணூத்தி மூணு புள்ளி ஏழு சதவீதம் பொருந்துது. அதை மாதிரிக்கு அனுப்பியாச்சு. மிச்சம் இருபத்திநாலையும் ஓட்டி, புதன்கிழமைக்குள்ள பினாங்குக்கு அனுப்பிரு. அவ்வளவுதான்."

"நீ நிம்மதியா மாப்பிள்ளையாப் போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் பொன்செல்வி.

பாளையங்கோட்டை மகாராஜநகரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நடத்துகிறவர் தானியேல். சிங்கப்பூரில் ஒரு சிப் ஆலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளிநாட்டு ஆலைகளின் இயந்திரங்கள் கொட்டும் எண்களை வாங்கி, பிரித்து, ஒழுங்குபடுத்தி, படமாக்கித் திருப்பி அனுப்புவது அங்கே தொழில். மொத்தம் ஏழு பேர். பொன்செல்வி சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணமாகி முக்கூடலுக்குப் போனவள். தினமும் காலையில் அங்கே பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வந்து சேர்வாள். முதல் இரண்டு வருஷமும் அவளுக்கு வேலை, வருகிற படங்களைக் கண்ணால் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வதுதான். கணினிக்கு வேலை சொல்லும் ஸ்கிரிப்ட் எழுதுவதெல்லாம் ஜோஷுவா. அவன் எழுதி வைத்தவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து வரிவரியாகப் படித்தே அவளும் எழுதப் பழகிவிட்டாள். ஆனாலும் அவள் எழுதிய எதுவும் அதுவரை எந்த ஆலைக்கும் போனதில்லை.

பினாங்கிலுள்ள ஒரு சிப் ஆலைக்கான வேலை இதுதான். பலகாரத் தட்டு அளவில், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் சிலிக்கான் தட்டுக்கு வேஃபர் என்று பெயர். ஒரு வேஃபரில் கட்டம் கட்டமாக ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் சில்லுகள். காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்குள் போகிற சில்லுகள் அவை. ஆலையில் ஓர் இயந்திரம் ஒவ்வொரு சில்லுக்கும் மின்சாரம் கொடுத்துச் சோதித்து, தேறாதவற்றைச் சிவப்பாகக் குறித்து ஒரு வரைபடம் தரும். வேறோர் இயந்திரம் வேஃபரின் அடிப்பக்கத்தைப் படம்பிடித்து, கீறல் விழுந்த இடங்களைக் கறுப்பாகக் குறித்து இன்னொரு வரைபடம் தரும். சிவப்பும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். இன்றைக்குத் தேறிவிட்டாலும், அடியில் கீறல் உள்ள சில்லு நாளைக்கு ஒருவர் காதுக்குள் இருக்கும்போது மௌனமாகிவிடும். ஆகவே இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் சுத்தமாக இருப்பதை மட்டும் பொறுக்க வேண்டும்.

சிக்கல் அந்த ஒன்றன்மேல் ஒன்று வைப்பதில்தான். ஒரு தெருவில் கிழக்கேயிருந்து எண்ணுகிறவர் மூன்றாம் வீடு என்பார். மேற்கேயிருந்து எண்ணுகிறவர் அதையே பதினேழாம் வீடு என்பார். இயந்திரங்களும் அப்படித்தான். வேஃபரின் விளிம்பில் அடையாளத்துக்கு ஒரு சின்ன வெட்டு இருக்கும். ஒன்று அந்த வெட்டைக் கீழே வைத்துக்கொண்டு எண்ணும், இன்னொன்று வலப்பக்கம் வைத்துக்கொண்டு எண்ணும். எதை எவ்வளவு திருப்பினால் இரண்டும் ஒரே கணக்குக்கு வரும் என்று கண்டுபிடிக்கத்தான் ஜோஷுவாவின் ஸ்கிரிப்ட். அது ஒரு வரைபடத்தை நான்கு பக்கமும் சுழற்றிப் பார்த்து, எந்தத் திருப்பத்தில் பொருத்தம் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பொன்செல்வி அதை ஓட்டினாள். எல்லா வேஃபரும் தொண்ணூற்று மூன்றுக்கு மேல். அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் படம் பார்த்த கண் சும்மா இருக்குமா? ஏழாவது வேஃபரைத் திரையில் போட்டாள். சிவப்புகள் ஒரு பக்கம் பிறை மாதிரி வளைந்து கிடந்தன. கறுப்புகளும் பிறை மாதிரித்தான் வளைந்திருந்தன, ஆனால் வேறு பக்கத்தில். இரண்டும் ஒன்றை ஒன்று ஓர் ஓரத்தில் உரசிக்கொண்டதோடு சரி.

"ஏட்டி சங்கரி, இங்கன வாயேன்" என்று பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டாள். "இது ரெண்டும் பொருந்துதா?"

சங்கரி குனிந்து பார்த்தாள். "எங்க பொருந்துது? இது வடக்க கெடக்கு, அது தெக்க கெடக்கு."

"தொண்ணூத்தி மூணுன்னு சொல்லுதே."

"அப்ப பொருந்துதோ என்னமோ. ஜோஷுவா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பொன்செல்விக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வரைபடத்தைக் கையால் கால்வட்டம் திருப்பி ஓட்டினாள். தொண்ணூற்று மூன்று. இன்னொரு கால்வட்டம். தொண்ணூற்று மூன்று புள்ளி மூன்று. எப்படித் திருப்பினாலும் தொண்ணூற்று மூன்றை விட்டுக் கீழே இறங்க மாட்டேன் என்றது அது. கடைசியில் போன மாசம் வந்த, இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வேஃபரின் வரைபடத்தை எடுத்து மேலே வைத்தாள். தொண்ணூற்று மூன்றரை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூறு சில்லில் கெட்டது அறுபதோ எழுபதோதான். மற்றதெல்லாம் நல்லது. எப்படி வைத்தாலும் நல்லதின்மேல் நல்லது போய் உட்காரத்தான் செய்யும், ஸ்கிரிப்ட் அதையும் பொருத்தம் என்று எண்ணிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டியிருக்கும்போது, வெள்ளை வேட்டி கட்டியவர்தான் நம்ம ஆள் என்று அடையாளம் சொன்ன கதை.

நல்லதை எண்ணாமல் கெட்டதை மட்டும் எண்ணச் சொல்லி இரண்டு வரிகளை மாற்றினாள். சிவப்பின்மேல் கறுப்பு எத்தனை? ஏழாவது வேஃபரில் அறுபத்திரண்டு சிவப்பு. நான்கு திருப்பத்திலும் முறையே ஒன்பது, மூன்று, ஐந்து, ஆறு. அறுபத்திரண்டில் ஒன்பதுக்குத்தான் ஜோஷுவாவின் ஸ்கிரிப்ட் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் என்று மார்தட்டியிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. இதை அனுப்பியிருந்தால் ஆலையில் நல்ல சில்லுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, கீறல் விழுந்தவற்றைப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள்.

மறுநாள் காலையில் தானியேல் வந்ததும் அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் காட்டிய படத்தையும் எண்களையும் இரண்டு தடவை பார்த்தார்.

"நீ சொல்லுதது சரிம்மா. நானும் இதைப் பாக்காம விட்டுட்டேன்" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "மாப்பிள்ளைகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவனுக்கு இது தெரிஞ்சா கோட்டுத் தைக்கக் கொடுத்ததையும் மறந்துட்டு இங்கன வந்து உக்காந்துருவான். பொண்ணு ஜெபகனி வீட்டுக்காரங்க நம்மளைத்தான் ஏசுவாங்க. நீயே பாத்திரு" என்றார்.

"நானா சார்?"

"தப்பைக் கண்டுபிடிச்சது நீதானே. நீயே பாரு. பையப் பாரு, அவசரம் இல்ல. நாளைக்கிச் சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு."

அது அவசரமில்லாத நேரமா என்று நினைத்துக்கொண்டே பொன்செல்வி வெளியே வந்தாள்.

செவ்வாய் முழுக்க முயன்று பார்த்தாள். சுழற்றினால் மட்டும் போதாமல், ஒரு கட்டம் இரண்டு கட்டம் மேலே, கீழே, இடம், வலம் நகர்ந்திருக்கலாம் என்று, எல்லாத் திருப்பத்துக்கும் எல்லா நகர்த்தலையும் ஸ்கிரிப்டே போட்டுப் பார்க்கும்படி எழுதினாள். அவள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது நூற்றுச் சொச்சம் விதமாக வைத்துப் பார்த்து முடித்திருந்தது. அதிகபட்சம் பன்னிரண்டு. புதன்கிழமை காலையும் அதே பன்னிரண்டுதான். ஒருவேளை கீறலுக்கும் சில்லு கெட்டுப்போனதற்கும் சம்பந்தமே இல்லையோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு பிறைகள்? ஒரே வளைவு, ஒரே நீளம். அவற்றைப் பார்த்தால் ஒட்டிப் பிறந்தவை மாதிரித்தான் இருந்தன. எப்படிச் சுழற்றினாலும் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றன.

ஆலையிலிருந்து வந்த குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தாள். அதில் தடித்த எழுத்தில் இருந்தது: சுழற்றினால் போதும், புரட்டக் கூடாது. ஜோஷுவா அதற்குக் கட்டுப்பட்டுத்தான் எழுதியிருந்தான். அவளும் இரண்டு நாளாக அதற்குக் கட்டுப்பட்டாள்.

புதன் மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளுக்கு, அப்படி என்னதான் ஆகிவிடும் என்று தோன்றியது. ஒரே ஒரு வரி. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கும் ஒரு வரி. பார்த்துவிட்டு அழித்துவிடலாம். எழுதினாள். ஓட்டினாள்.

இருபத்துமூன்று.

பொன்செல்வி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.  புரட்டியதோடு நகர்த்துவதையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிவந்தன. பதினொன்று, பதினெட்டு, இருபத்துமூன்று. அடுத்த வரியில், ஒரே ஒரு பத்தி இடப்பக்கம் தள்ளி வைத்த இடத்தில், ஐம்பத்தொன்று.

அறுபத்திரண்டில் ஐம்பத்தொன்று.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, முதலிலிருந்து ஓட்டினாள். ஐம்பத்தொன்று. அதே திருப்பத்தை, அதே நகர்த்தலை மற்ற இருபத்துநான்கு வேஃபருக்கும் கொடுத்தாள். ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. எல்லாவற்றிலும் சிவப்பின்மேல் கறுப்பு போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. அந்த ஒரு பத்தியின் காரணமும் பிறகு அவளுக்கே விளங்கியது. ஓர் இயந்திரம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது, மற்றது ஒன்றிலிருந்து எண்ணுகிறது.

"என்னட்டி, ஒரு மாதிரி இருக்க?" என்றாள் சங்கரி.

பொன்செல்வி திரையை அவள் பக்கம் திருப்பினாள். இரண்டு பிறையும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. சங்கரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பினாங்கில் இந்த வேலையைக் கவனிக்கிற பொறியாளர் நோரைனி என்ற பெண். அவருக்குப் படங்களையும் எண்களையும் அனுப்பி, அடியிலிருந்து எடுத்த படத்தில் இடவலம் மாறித்தானே இருக்கும், அடிப்பக்கத்தைப் பார்க்கிற இயந்திரம் அதைப் புரட்டாமல் அப்படியே தருகிறதோ என்று கேட்டிருந்தாள் பொன்செல்வி. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த இயந்திரம் முன்பெல்லாம் தானே படத்தைப் புரட்டித்தான் தரும்; பிப்ரவரியில் அதன் மென்பொருளை மாற்றினார்கள்; அதற்குப் பின் எப்படி என்று யாரும் பார்க்கவில்லை; குறிப்பு பழைய குறிப்பு. நாளை உங்கள் நேரம் ஒன்றரை மணிக்குச் சில்லு பொறுக்கும் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் பன்னிரண்டரைக்கு எங்கள் மேலாளரிடம் நீங்களே விளக்க வேண்டும், ஆலையின் எழுத்தில் இருப்பதை மாற்ற அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பன்னெண்டரையா?" என்று தானியேல் தலையைச் சொறிந்தார். அந்நேரம் கல்யாண வரவேற்பில் சர்ச் பாடகர் குழு பாடுகிறது. குழுவில் அடித்தொண்டைக் குரல் அவருடையது ஒன்றுதான். "நீதாம்மா பேசணும். நான் அந்நேரம் மேடையில நிப்பேன்."

"இங்கிலீஷ்ல சார்."

"நீ எழுதுத மெயில் எல்லாம் எந்த பாஷையில இருக்காம்?"

சாயந்திரம் முக்கூடலில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, கணவன் மாரிராஜ் ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாழைத்தோட்டத்தில் பகல் முழுக்கத் தார் வெட்டி ஏற்றிய உடம்பு. அவளும் கூடப் போய்ப் படித்துறையில் உட்கார்ந்தாள். தாமிரபரணி இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, நாளைக்கு இங்கிலீஷில் பேச வேண்டும், வருமோ என்னமோ என்றாள்.

"இப்ப என்னையப் பினாங்குக்காரன்னு நெனச்சுக்கோ" என்று மாரிராஜ் தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்றான். முகமெல்லாம் சோப்பு நுரை. "பேசு."

அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். முதலில் திக்கியது. ஆறாவது வாக்கியத்தில் ஓடத் தொடங்கியது. மாரிராஜ் ஒன்றும் புரியாமல், ஆனால் மிகவும் புரிந்தவனைப் போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடித்ததும் நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டான்:

"எல்லாம் சரிம்மா. நீங்க சொல்லுததை நாங்க எப்படி நம்ப?"

"ஐம்பத்தொண்ணு பொருந்துதுல்லா."

"அது நீங்க சொல்லுத எண்ணு. ஏற்கெனவே ஒரு தம்பி தொண்ணூத்தி மூணுன்னு சொன்னாருல்லா? அதையும் நாங்க நம்பத்தானே செஞ்சோம்?"

பொன்செல்வி யோசித்தாள். விளையாட்டுக்குக் கேட்டதுதான், ஆனால் நியாயமான கேள்வி. எண்ணை எண்ணால் நிரூபித்தால் யார் நம்புவார்கள்? இதுவரை யாரும் பார்க்காத ஓர் இடத்தைக் காட்டி, இங்கே இது இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வேஃபரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது? அகச்சிவப்பு ஒளியில் சிலிக்கான் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் என்று தானியேல் சார் சிங்கப்பூர் கதை சொல்லும்போது ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

"என்ன, கோவமா?" என்றான் மாரிராஜ்.

"சும்மா இருங்க. நல்லாத்தான் கேட்டிய" என்று சொல்லிவிட்டு அவள் துண்டை அவன்மேல் எறிந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதே, அகச்சிவப்பு நுண்ணோக்கி இருக்கிறதா என்று நோரைனிக்கு எழுதிக் கேட்டாள். நுண்ணோக்கி இருக்கிறது, எந்தச் சில்லு என்று கூட்டத்தில் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. பட்டுச்சேலை கசங்காமல் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, அடிப்பக்கப் படத்தில் கீறலின் நுனியைப் பின்தொடர்ந்து, ஜங்ஷன் வருவதற்குள் பொன்செல்வி ஒரு சில்லைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

ஊசிக்கோபுரக் கோயில் என்று ஊரில் சொல்லும் தேவாலயத்தில் பத்து மணிக்குத் திருமண ஆராதனை. ஜோஷுவா கரும்பச்சைக் கோட்டில் வேர்த்து வழிந்தான். ஜெபகனி சாயர்புரத்துப் பள்ளிக்கூட ஆசிரியை. வெள்ளைச் சேலையும் தலையில் வலையுமாக, அவனைவிட நிதானமாக நின்றாள். மோதிரம் போடும்போது அவன் தவறான விரலை நீட்ட, அவளே சரியான விரலைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகக் கூட்டம் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தது.

மண்டபத்தில் மணி பன்னிரண்டு. படம் எடுத்துக்கொள்ள மேடையேறிய அலுவலகக்காரர்களில் பொன்செல்வி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கேமராக்காரர் ஆட்களை நெருக்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜோஷுவா உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"பினாங்கு வேலை போயிட்டா?"

"இல்ல" என்றாள்.

"இல்லையா? நேத்தே போயிருக்கணும்லா."

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் தானியேல் கண்ணால் வேண்டாம் என்றார். ஆனால் அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"உன் கணக்கு தப்பு ஜோஷுவா."

"என்னது?"

"சார், இங்கன பாருங்க, மாப்பிள்ளை சார்" என்றார் கேமராக்காரர்.

"நீ நல்லதையும் சேத்து எண்ணிட்ட. ஊரு பூராவும் நல்லதுதான். எந்த வேஃபரை வச்சாலும் தொண்ணூத்தி மூணு வரும். கெட்டதை மட்டும்லா எண்ணணும்."

ஜோஷுவாவின் முகத்திலிருந்து கல்யாணக் களை ஒரு நிமிஷம் இறங்கிப்போயிற்று. கண் எங்கோ போய்விட்டது. அவன் மனசுக்குள் ஸ்கிரிப்டை வரிவரியாக ஓட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மேடை அதிரச் சிரித்தான். கேமராக்காரர் அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டார்.

"என்னன்னு சொல்லுங்க" என்றாள் ஜெபகனி.

"ஒண்ணும் இல்ல. நான் ஒரு முட்டாள். உங்க அப்பாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்."

பன்னிரண்டேகாலுக்குக் கதவும் பிளக்பாயிண்டும் உள்ள ஒரே இடமான மணமகள் அறையில், பவுடர் டப்பாக்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொன்செல்வி மடிக்கணினியைத் திறந்தாள். துணைக்குச் சங்கரி. வெளியே பாடகர் குழு ஆரம்பித்திருந்தது. தானியேலின் அடித்தொண்டை சுவரைத் தாண்டி வந்தது. பன்னிரண்டரைக்குத் திரையில் நோரைனியும், அவருடைய மேலாளரும், வெள்ளை அங்கி போட்ட ஒரு தொழில்நுட்பக்காரரும் தெரிந்தார்கள்.

ஆற்றில் சொல்லிப் பார்த்த வரிசையிலேயே பொன்செல்வி சொன்னாள்.  பிறகு படத்தைக் காட்டத் தொடங்கினாள். பாதியில் கதவு திறந்தது. தலைவலையின் ஊசி குத்துகிறது என்று அதைச் சரிசெய்ய ஜெபகனி வந்தாள். அவள் பின்னாலேயே, ஊசிக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத ஜோஷுவா, மாலையோடு வந்து சுவரோரம் நின்றுகொண்டான்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார். "எங்கள் குறிப்பில் புரட்டக் கூடாது என்று இருக்கிறது. போன வாரம் உங்கள் அலுவலகம் அனுப்பிய மாதிரியில் தொண்ணூற்று மூன்று சதவீதம் என்று இருந்தது. இன்றைக்கு வேறு சொல்கிறீர்கள். எதை நம்புவது?"

ஜோஷுவா ஓர் அடி முன்னால் வந்தான். பொன்செல்வி அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்னை நம்ப வேண்டாம். ஏழாவது வேஃபரை எடுங்கள். சோதனை வரைபடத்தில் முப்பத்தொன்றாம் பத்தி, பன்னிரண்டாம் வரிசை. அந்தச் சில்லு சோதனையில் தேறியிருக்கிறது. எங்கள் பழைய கணக்குப்படி அதன் அடியில் எதுவும் கிடையாது. புதிய கணக்குப்படி, கீறல் அங்கேதான் முடிகிறது, முடிகிற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அகச்சிவப்பு நுண்ணோக்கியில் ஊடே பாருங்கள்."

மேலாளர் நோரைனியைப் பார்த்தார். நோரைனி தொழில்நுட்பக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து போனார்.

போனவர் திரும்பப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் திரையில் ஒரு காலி நாற்காலி. வெளியே ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது, அடுத்த பாட்டு தொடங்கியது. மாப்பிள்ளையைத் தேடி யாரோ கதவைத் தட்டினார்கள். "வாரோம், ஊசி குத்துதோம்" என்று சங்கரி உள்ளிருந்தே சொன்னாள். ஜெபகனி தாழ்ந்த குரலில், "இந்தச் சில்லு எதுக்கு?" என்று கேட்க, காது கேட்கும் கருவிக்கு என்று ஜோஷுவா சொன்னான். அவள் மணமகள் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப இருந்து பாத்துட்டே போவோம்" என்றாள்.

 பொன்செல்விக்குக் கணக்கு சரி என்று தெரியும். ஆனாலும் கடலுக்கு அப்பால் ஒருவர் கண்ணை வைத்துப் பார்க்கிறார். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்?

தொழில்நுட்பக்காரர் திரும்பி வந்தார். உட்காரவில்லை. கையிலிருந்த கைப்பேசியைத் திரைக்கு நேராக நீட்டினார். சாம்பல் நிறப் படம். சில்லின் கம்பிக் கோடுகள் மங்கலாக, அவற்றுக்குப் பின்னால், தலைமுடி மாதிரி ஒரு கீறல் கோணலாக வந்து, நுனியில் பாம்பின் நாக்கைப் போல இரண்டாகப் பிரிந்திருந்தது.

"சொன்ன இடத்திலேயே இருக்கிறது" என்றார் நோரைனி. பிறகு அவர் முகம் விரிந்தது. "பொன்செல்வி, அது நாக்கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது."

மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை நெருங்கிப் பார்த்தார். "ஒன்றரைக்கு உங்கள் வரைபடத்தை வைத்தே தொடங்குகிறோம். அந்தக் குறிப்பை இன்றைக்கே மாற்றுகிறோம். நன்றி" என்றார். இணைப்பு அறுந்தது.

 பொன்செல்வி மடிக்கணினியின் மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.   சந்தோஷத்தில் அவள் கண் கலங்கியதும் சங்கரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஜோஷுவா வந்து மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான். "அந்த ஸ்கிரிப்டைத் திற" என்றான். திறந்தாள். மாலையின் ரோஜா இதழ்கள் விசைப்பலகையில் உதிர, மேலிருந்து கீழ்வரை படித்தான். கெட்டதை மட்டும் எண்ணுகிற இரண்டு வரியில் நின்றான். புரட்டுகிற ஒற்றை வரியில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.

"இதை நான் எழுதலையேன்னு வயிறு எரியுது" என்றான்.

"குறிப்புல புரட்டக் கூடாதுன்னு இருந்துச்சே. நீ அதை மதிச்ச."

"நீ மதிக்கலையா?"

"ரெண்டு நாள் மதிச்சேன். அதுக்கு மேல முடியல."

அவன் கோப்பின் முதல் வரிக்குப் போனான். எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி, பொன்செல்வி மாரிராஜ் என்று அடித்தான். "என் பேரையும் ஓரமா விடவா?" என்று கேட்டான். "கீழ போட்டுக்கோ" என்றாள் அவள். ஜெபகனி சிரித்துவிட்டு எழுந்து, "இப்பவாது மேடைக்கு வாரியளா, இல்ல நான் மட்டும் போயி நிக்கவா?" என்று கேட்டாள். கதவைத் திறந்ததும் பெண்வீட்டு அத்தைமார் இருவர் அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

தானியேல் பாடி முடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி வந்து விசாரித்தார். சங்கரி சொல்லச் சொல்ல, அவர் பொன்செல்வியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.  பந்திக்கு அவளைக் கூட்டிப்போய், தன் கையால் இலையில் தண்ணீர் தெளித்து, "உக்காரும்மா" என்றார்.

இரண்டாம் தடவை பிரியாணி வாங்கி, எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது பொன்செல்வியின் கைப்பேசி அடித்தது. கையெல்லாம் நெய். சங்கரி எடுத்துப் படித்தாள்.

"நோரைனி எழுதியிருக்கா. பொறுக்க ஆரம்பிச்சாச்சாம். அந்த இயந்திரத்துல பிப்ரவரிக்குப் பொறகு போன வேஃபர் இன்னும் நானூறு கெடக்காம், எல்லாத்தையும் பாக்கணுமாம். பொன்செல்விதான் பாக்கணும்னு மேலாளரே சொன்னாராம். என்னைக்கு ஆரம்பிக்க முடியும்னு கேக்கா. என்ன எழுதட்டும்?"

பரிமாறுகிறவர் தயிர்ப்பச்சடி வாளியோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"திங்கக்கிழமைன்னு எழுது" என்றாள் பொன்செல்வி, இலையை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டு. "அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் ஊத்துங்க."